வாளும் கணக்கேடும்: போர் இல்லாத காலத்துச் சாமுராய்



சாமுராய் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது அகிரா குரோசாவா 1954-இல் எடுத்த 'ஏழு சாமுராய்' படத்தின் கடைசிச் சண்டைதான். கொட்டும் மழை, சேறு, குதிரைகள், வாள்கள். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் பார்ப்பேன். அதில் காட்டப்படுவது 16-ஆம் நூற்றாண்டு. உள்நாட்டுப் போர்களில் ஜப்பான் கிழிந்து கிடந்த காலம் அது. அந்தக் காலத்துக்குப் படம் நேர்மையாகவே இருக்கிறது.

ஆனால் சாமுராய் வகுப்பு அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 1615-இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தது. 1637-38-இல் ஷிமாபாராவில் உழவர் கிளர்ச்சி ஒன்று எழுந்து அடங்கியது. அதன்பின் 1860-கள் வரை சொல்லத்தக்க போர் எதுவும் ஜப்பானில் நடக்கவில்லை. போருக்கென்றே பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு வகுப்பு, போரையே காணாமல் ஏழெட்டுத் தலைமுறை பிறந்து, மணந்து, முதுமையடைந்து, படுக்கையில் இறந்தது. அவர்கள் காலையில் எழுந்து எங்கே போனார்கள்? யார் சம்பளம் கொடுத்தார்கள்? அந்தச் சம்பளம் போதுமானதாக இருந்ததா? இன்று இந்த மேடையில் நான் பேச விரும்புவது இவற்றைத்தான். அவர்களே எழுதி வைத்துப்போன சில தாள்களைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு போர்க்கால மனிதரைப் பார்த்துவிடுவோம். 1274-இல் மங்கோலியப் படைகள் கடல் கடந்து வந்து ஹகாட்டா விரிகுடாவில் இறங்கின. ஹிகோ நாட்டைச் சேர்ந்த தகேசாகி சுயேனாகா என்ற சிறு நிலக்காரர் அங்கே போரிட்டார். அவரோடு சேர்த்து மொத்தம் ஐந்தே குதிரை வீரர்கள். முதல் ஆளாகப் பாய்ந்தார், குதிரை அடிபட்டது, தாமும் காயப்பட்டார். போர் முடிந்தது. வந்த எதிரி கடலோடு திரும்பிவிட்டதால் பங்கிட்டுக் கொடுக்கக் கைப்பற்றிய நிலம் ஏதும் இல்லை. சுயேனாகாவுக்கு எந்தப் பரிசும் வரவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? குதிரைகளையும் சேணங்களையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் தேற்றிக்கொண்டு, 1275-இல், நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருந்து கிழக்கே காமாகுரா வரை பயணம் போனார். ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவரின் அரசில் பெரிய அதிகாரியான அடாச்சி யாசுமோரியின் முன் உட்கார்ந்து தம் வழக்கைச் சொன்னார். நான் முதலில் பாய்ந்ததற்குச் சாட்சி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள், பொய் என்று தெரிந்தால் என் தலையை வெட்டுங்கள் என்ற பொருளில் வாதாடினார். ஊர் நிர்வாக உரிமை ஒன்றும், ஒரு குதிரையும் பரிசாகப் பெற்றுத் திரும்பினார். பிற்பாடு தம் போர்ச் செயல்களையும் இந்த முறையீட்டையும் ஓவியச் சுருள்களாக வரைவித்தார். அச்சுருள்கள் இன்றும் இருக்கின்றன.

எனக்கு அந்தச் சுருள்களில் மிகவும் பிடித்தது போர்க்காட்சி அன்று. அதிகாரியின் வீட்டில் சுயேனாகா உட்கார்ந்து பேசும் காட்சிதான். சாமுராயின் வாழ்க்கைக்கு அடித்தளம் ஓர் ஒப்பந்தம் என்பதை அந்தக் காட்சி காட்டுகிறது. தலைவன் நிலம் கொடுக்கிறான், வீரன் உயிரைப் பணயம் வைக்கிறான். செய்த வேலைக்குச் சாட்சி வேண்டும், சான்றுத்தாள் வேண்டும், கூலி வேண்டும். கூலி கேட்பதை அவர்கள் இழிவாக நினைக்கவில்லை. காமாகுரா அரசு 1232-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் பெரும்பகுதி நில உரிமை வழக்குகளைப் பற்றியதே. அந்தக் காலத்தில் பெண்களும் நிலத்துக்கு வாரிசானார்கள், நிர்வாக உரிமையைத் தம் பெயரில் வைத்திருந்தார்கள். பிந்திய நூற்றாண்டுகளில் அந்த உரிமை அவர்கள் கையிலிருந்து போய்விட்டது.

அந்த வீரர்கள் கிராமத்தில் வாழ்ந்தவர்கள். சொந்த நிலம், சொந்த ஆட்கள், சண்டை வந்தால் வில்லோடு குதிரை ஏறுவார்கள். இதை மாற்றியவர் டோயோடோமி ஹிதேயோஷி. தாழ்ந்த குடியில் பிறந்து, படையில் கீழ்நிலையிலிருந்து உயர்ந்து, நாட்டையே ஆண்டவர். அவரே 1588-இல் உழவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். 1591-இல் வீரர் உழவராகவோ வணிகராகவோ மாறுவதற்கும், உழவர் நிலத்தைவிட்டுப் போவதற்கும் தடை போட்டார். தாம் ஏறி வந்த வழியைத் தமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவர் அடைத்தார் என்றே நான் கருதுகிறேன். 1603-இல் ஷோகுன் பதவியேற்ற டோகுகவா குடும்பம் இந்தப் பிரிவினையை இறுக்கிக் கட்டியது. வீரர்கள் கிராமத்திலிருந்து பெயர்க்கப்பட்டுத் தலைவனின் கோட்டையைச் சுற்றி எழுந்த நகரத்தில் குடியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிலத்தோடு இருந்த உறவு அறுந்தது. நிலத்துக்குப் பதில் தலைவனின் களஞ்சியத்திலிருந்து அரிசி அளந்து கொடுக்கப்பட்டது.

இந்த அரிசிக் கணக்கைப் புரிந்துகொண்டால் சாமுராய் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும். அளவை 'கோகு'. ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்பது பழைய கணக்கு. பத்தாயிரம் கோகுவும் அதற்கு மேலும் விளையும் நிலத்துக்கு உரியவர் டைம்யோ, அதாவது சிற்றரசர். கானசாவாவைத் தலைநகராகக் கொண்ட ககா நாட்டின் மாயேதா குடும்பத்துக்குப் பத்து இலட்சம் கோகுவுக்கும் மேல். சாதாரணச் சாமுராய்க்கு நூறு, ஐம்பது, முப்பது என்று இறங்கிக்கொண்டே போகும். இந்த அரிசியை விளைவித்த உழவர் தம் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை வரியாக அளந்தார். சாமுராயின் கண்ணியத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்தப் பாதியை மறக்கக் கூடாது.

அரிசி சம்பளமாக வருகிறது. ஆனால் எண்ணெய், துணி, காகிதம், மருந்து எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஷோகுனின் தலைநகரான எடோவில் அவருடைய நேரடிப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு மூன்று தவணையாக அசாகுசா களஞ்சியத்தில் அரிசி கொடுக்கப்பட்டது. அங்கே வரிசையில் நின்று வாங்கி, சுமந்து, விற்றுக் காசாக்கும் தொல்லையை எடுத்துக்கொள்ள 'ஃபுடாசாஷி' என்ற தரகர்கள் வந்தார்கள். தரகு வேலையிலிருந்து அவர்கள் மெல்லக் கடன் கொடுப்பவர்களானார்கள். அடுத்த தவணை அரிசி அடகு. அதற்கு வட்டி. அதற்கடுத்த தவணையும் அடகு. வாள் ஏந்தியவர் வணிகரின் வாசலில் நின்றார். 1789-இல் தலைமை அமைச்சர் மட்சுதாய்ரா சதனோபு, ஆறாண்டுக்கு மேற்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்து ஆணையிட வேண்டியதாயிற்று. அதனால் கடன்பட்ட சாமுராய்கள் ஒரு மூச்சுவிட்டார்கள். ஆனால் கையைச் சுட்டுக்கொண்ட தரகர்கள் புதிதாகக் கடன் தரத் தயங்கியதால் பலர் மறுபடி நெருக்கடியில் விழுந்தார்கள். டைம்யோக்களின் நிலையும் அதுதான். கருவூலம் காலியாகும்போது தம் வீரர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை, சில சமயம் பாதியை, 'கடனாக' எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடன் திரும்பி வரவில்லை.

ஆகவே கைத்தொழில்கள் தொடங்கின. எடோவின் ஓகுபோ பகுதியில் இருந்த துப்பாக்கிப் படையினர் அசேலியா பூச்செடிகள் வளர்த்து விற்றார்கள். அந்தப் பகுதி பூக்களுக்கே பெயர் பெற்றுவிட்டது. வேறு பகுதிகளில் குடைக்குக் காகிதம் ஒட்டினார்கள். யமாட்டோவின் கோரியாமாவில் சாமுராய்கள் தங்கமீன் வளர்த்தார்கள். இன்றும் அந்த ஊர் தங்கமீனுக்குப் பேர்போனது.

வறுமை ஒருபுறம் இருக்க, ஒருவரை ஒருவர் மேல்கீழாக வைத்த முறையும் கடுமையானது. சாமுராய் என்றால் ஒரே வகுப்பு என்று வெளியிலிருந்து பார்க்கும் நாம் நினைத்துக்கொள்கிறோம். நவீன ஜப்பானின் பெரிய சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி, நாகாட்சு நாட்டின் கீழ்நிலைச் சாமுராய் வீட்டில் பிறந்தவர். தம் பழைய ஊரின் நிலையை 1877-இல் எழுதி வைத்தார். அங்கே சுமார் 1,500 சாமுராய்கள். அவர்களுக்குள் மேல்நிலை, கீழ்நிலை என்று இரண்டு பெரும் பிரிவு. இரண்டுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. பேச்சு வழக்கே வேறு. எல்லாருக்கும் அடியில் இருந்த காலாள் வீரர், மழையில் தெருவில் நடந்துபோகும்போது எதிரே மேல்நிலைச் சாமுராய் வந்தால், மரக்கட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு வழியோரத்தில் தரையோடு தரையாகக் குனிய வேண்டும். அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். நனைந்த மண்ணில் நெற்றி படக் கிடப்பவரும் இடுப்பில் வாள் வைத்திருப்பவர்தான். ஃபுகுசாவாவின் தந்தை ஒசாகாவில் நாகாட்சு நாட்டின் கிடங்கு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தார், வணிகர்களிடம் கடன் பேசுவது அவர் பணி. படிப்பில் தேர்ந்தவர். பிறந்த நிலை தடுத்ததால் உயரவே முடியாமல் இறந்தார். பிறப்பால் நிலை வகுத்த அந்த ஆட்சிமுறையைத் தம் தந்தையின் பகையாகவே கருதியதாக மகன் எழுதினார்.

இனி, நான் மிகவும் விரும்பிப் படித்த ஒரு மனிதரிடம் வருகிறேன். பெயர் கட்சு கோகிச்சி. 1802-இல் பிறந்தவர். சிறு பிள்ளையிலேயே கட்சு குடும்பத்துக்குத் தத்துப் போனார். ஷோகுனின் நேரடிப் பணியாளர் என்ற பெருமை உண்டு. சம்பளம் 41 கோகு. பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஓடினார். வழியில் உடன் வந்தவர்கள் பணத்தையும் உடையையும் திருடிக்கொண்டு போக, பிச்சை எடுத்துக்கொண்டே இசே ஆலயம் வரை போய்த் திரும்பினார். படிப்பு ஏறவில்லை. சண்டை, வம்பு. இருபத்தொன்றாவது வயதில் மறுபடி ஓடித் திரும்பியபோது, குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே கூண்டு ஒன்று கட்டி அதில் அடைத்துவிட்டார்கள். மூன்றாண்டு அதிலே இருந்தார். எழுதப் படிக்கக் கற்றது அந்தக் கூண்டில்தான். அவர் மகன் பிறந்ததும் அவர் அந்தக் கூண்டில் இருந்தபோதுதான்.

வெளியே வந்தபின் ஒரு பதவிக்காக அலைந்தார். பதவி இல்லாத பணியாளருக்கு அடிப்படை அரிசி மட்டுமே. பதவி கிடைத்தால்தான் கூடுதல் வருமானமும் மதிப்பும். பதவிகள் குறைவு, ஆட்கள் மிகுதி. நாள்தோறும் மேலதிகாரிகளின் வீட்டுக்குப் போய் முகம் காட்டி வணக்கம் வைத்துவிட்டு வருவார். கிடைக்கவில்லை, கடைசிவரை கிடைக்கவே இல்லை. பழைய வாள்களை வாங்கி விற்றும், அக்கம்பக்கத்து வழக்குகளைத் தீர்த்து வைத்தும் காலம் தள்ளினார். 1843-இல், நாற்பதுகளின் தொடக்கத்தில், தம் வாழ்க்கையைப் பேச்சுநடையில் எழுதினார். என்னைப்போல் ஆகாதீர்கள் என்று தம் சந்ததிக்குச் சொல்வதற்காகவே எழுதினார். எதையும் மறைக்கவில்லை. நேர்த்தியான சாமுராய் நூல்கள் எத்தனையோ உள்ளன. இந்த ஒரு தன்வரலாற்றுக்கு அவற்றில் பத்தைக் கொடுத்துவிடலாம் என்பேன்.

கூண்டுக் காலத்தில் பிறந்த அந்த மகன் யார்? கட்சு கைஷூ. டச்சு மொழி கற்று, கடற்படை அறிவு பெற்று, 1860-இல் பசிபிக்கைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். 1868-இல் ஷோகுன் ஆட்சியை எதிர்த்துப் பேரரசரின் படை எடோவை நெருங்கியபோது, எதிர்த்தரப்புத் தளபதி சாய்கோ தகாமோரியோடு உட்கார்ந்து பேசி, கோட்டையைப் போரில்லாமல் ஒப்படைக்க வழிசெய்தார். பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரம் எரியாமல் தப்பியது. சாமுராய் வரலாற்றில் வீரம் என்று நான் எதையாவது முதலில் சொல்வேன் என்றால் இந்தப் பேச்சுவார்த்தையைத்தான் சொல்வேன்.

இன்னொரு குடும்பம், ககா நாட்டின் இனோயாமா குடும்பம். தலைமுறை தலைமுறையாக அரசுக் கணக்கர்கள். மணிச்சட்டம்தான் அவர்களுடைய படைக்கலம். 1827-இல் ஷோகுனின் மகள் மாயேதா குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது எடோ மாளிகையில் ஒரு சிவப்பு வாயில் எழுப்பினார்கள். இன்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அடையாளமாக நிற்பது அந்த வாயில்தான். அந்தத் திருமணத்தையொட்டிய கணக்குகளைக் கவனித்தவர்களில் இனோயாமா நோபுயுகியும் ஒருவர். எடோவில் இருந்ததில் வீட்டுக் கடன் ஏறியது. மகன் நாவோயுகி பொறுப்புக்கு வந்தபோது கடன் ஆண்டு வருமானத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அவர் ஒரு முடிவெடுத்தார். தந்தையின் தேநீர்ச் சடங்குப் பொருள்கள், தம் புத்தகங்கள், பெண்களின் பட்டாடைகள் எல்லாவற்றையும் விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார். மீதிக்கு வட்டியில்லாமல் தவணை கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து, 1842 முதல் 1879 வரை, வீட்டின் வரவுசெலவை எழுதிவைத்தது அக்குடும்பம். அந்தக் கணக்குத் தாள்களின் கட்டு பழைய புத்தகக் கடை வழியாக வரலாற்றாளர் இசோதா மிச்சிஃபூமியின் கைக்கு வந்து, 2003-இல் அவர் எழுதிய சிறு நூலால் ஜப்பான் முழுதும் தெரிந்தது. பின்னர் திரைப்படமாகவும் வந்தது.

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது? செலவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கோ துணிக்கோ போகவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு மொய், மூதாதையர் வழிபாடு, ஆலயக் காணிக்கை, வேலையாட்களின் கூலி. சாமுராய் என்ற நிலையைக் காப்பாற்றிக்கொள்வதற்கான செலவு. குடும்பத் தலைவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட கைச்செலவு, அவருக்குச் செருப்பு எடுத்துவைத்த ஆளின் வரும்படியைவிடக் குறைவு. மகனுக்குச் சடங்கு செய்த நாளில் விருந்தில் வைக்க வேண்டிய சங்கரா மீன் வாங்கப் பணமில்லை. மீனைத் தாளில் வரைந்து வைத்தார்கள். சடங்கை விடவும் முடியாது, கடனை ஏற்றவும் கூடாது என்று நினைத்த ஒரு வீட்டின் கட்டுப்பாடு அந்த ஓவியத்தில் இருக்கிறது. போர்க்களத்தில் காட்டும் உறுதிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததன்று.

அப்படியானால் சாவை நாடும் சாமுராய் என்ற படம் எங்கிருந்து வந்தது? அதற்கு முதன்மையான ஊற்று 'ஹகாகுரே' என்ற நூல். சாகா நாட்டைச் சேர்ந்த யாமமோத்தோ ட்சுனெதொமோ சொல்லச்சொல்ல, இளையவர் ஒருவர் 1710 முதல் 1716 வரை எழுதி முடித்தது. ட்சுனெதொமோ பிறந்தது 1659. போரையே பார்த்ததில்லை. தம் தலைவருக்கு எழுத்தராக, கவிதை நூல்கள் தேடித் தருபவராக வாழ்ந்தவர். அவர் பெரும்பணியாகக் கருதியது, ஒரு பழைய கவிதைத் தொகுப்பின் இரகசிய விளக்கத்தைக் கியோட்டோவில் பெற்று, மரணப் படுக்கையில் இருந்த தலைவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. 1700-இல் தலைவர் இறந்தார். ட்சுனெதொமோ உடன் உயிர்விட விரும்பினார். ஆனால் அந்த வழக்கம் 1663-இலேயே ஷோகுன் அரசால் தடுக்கப்பட்டுவிட்டது. துறவியானார். மலையடிவாரக் குடிலில் உட்கார்ந்து தாம் காணாத காலத்தை நினைத்துப் பேசினார். அந்த நூலிலேயே கூட்டத்தில் கொட்டாவியை அடக்கும் வழி, முகம் வெளிறியிருந்தால் பூசிக்கொள்ளச் சிவப்புப்பொடி கையில் வைத்திருப்பது போன்ற அலுவலக அறிவுரைகளும் உண்டு. தம் தலைவனுக்காகப் பழிவாங்கிய நாற்பத்தேழு ரோனின்களை, அதாவது தலைவனை இழந்த சாமுராய்களைக்கூட, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து திட்டம் போட்டார்களே, பகைவன் அதற்குள் நோயில் செத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் குறைசொல்கிறார். இழந்த ஒன்றுக்கான ஏக்கம் அவரை அப்படிப் பேசவைத்தது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஒரு வகுப்பின் நடைமுறை வாழ்க்கை என்று எடுத்துக்கொள்ள மறுக்கிறேன். 1930-களிலும் போர் ஆண்டுகளிலும் இளைஞர்களைச் சாவுக்கு அனுப்ப இந்நூல் பயன்பட்டது. அது ஒரு கொடுமை.

இன்னொரு நூல் நிடோபே இனாசோவின் 'புஷிடோ'. 1900-இல், சாமுராய் வகுப்பு கலைந்து கால் நூற்றாண்டு ஆனபின், அமெரிக்காவில், ஆங்கிலத்தில், மேலைநாட்டு வாசகருக்காக எழுதப்பட்டது. ஆசிரியர் 1862-இல் மோரியோகாவில் சாமுராய் வீட்டில் பிறந்து கிறித்தவரானவர், நல்லறிஞர். நம் ஊர் மேடைகளில் சாமுராய் அறம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த நூலின் வழி வந்தது.

முடிவு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1871-இல் டைம்யோ நாடுகள் ஒழிக்கப்பட்டன. 1873-இல் கட்டாயப் படைச்சேவை வந்தது, உழவர் மகனும் சிப்பாயானான். 1876 மார்ச்சில் வாள் அணிந்து வெளியே போவது தடை செய்யப்பட்டது, அதே ஆண்டு அரிசிச் சம்பளம் அரசுக் கடன்பத்திரமாக மாற்றப்பட்டது. குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 20 இலட்சம் பேரின் வாழ்வாதாரம் அது. சிலர் ஆயுதம் எடுத்தார்கள். 1877 செப்டம்பர் 24 அன்று ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில், கிளர்ச்சியாளரின் தலைவராகிவிட்ட அதே சாய்கோ தகாமோரி இறந்ததோடு அது அடங்கியது. வென்றது கட்டாயச் சேவைப் படை.

மற்றவர்கள் வேலை தேடினார்கள். வணிகத்தில் இறங்கிப் பத்திரப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். ஷோகுனின் மெய்க்காவல் வாள்வீரர்களாக இருந்த ஒரு கூட்டம் 1869 முதல் ஷிசுவோகாவின் மாகினோஹாரா மேட்டுநிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிட்டது. இன்று ஜப்பானின் பெரிய தேயிலைப் பரப்புகளில் அது ஒன்று. 1872-இல் டோமியோகாவில் அரசுப் பட்டு ஆலை திறந்தபோது, சாமுராய் வீட்டுப் பெண்கள் நூல் நூற்கப் போனார்கள். மட்சுஷிரோவிலிருந்து சென்ற வாடா எய் என்ற பெண் அந்த நாட்களின் நினைவுகளை எழுதினார். இனோயாமா வீட்டு மகன், சடங்கில் மீன் ஓவியம் வைக்கப்பட்ட அதே பிள்ளை, புதிய அரசின் படைக்கணக்கில் சேர்ந்து கடற்படைக் கணக்கதிகாரியானார். பழைய உறவினர்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கினார்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஜப்பானிய மொழி கற்பவர்கள் இருப்பீர்கள். வாள்வித்தை நூல்களும் புஷிடோ நூல்களும் ஆங்கிலத்தின் வழி நமக்கு எளிதாகக் கிடைக்கின்றன. கோகிச்சியின் தன்வரலாற்றையும் வாடா எய்யின் நினைவுக் குறிப்பையும் மூலத்திலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவரும் பணியில் உங்களில் இருவராவது இறங்க வேண்டும். சொந்த வாழ்க்கையை அவர்கள் சொந்தப் பேச்சில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு நம் மொழியில் கேட்கட்டும்.